உங்கள் வயல் என் வாய்க்காலில்

சிசாலோமா,
20 பிப்ரவரி 1994

மதிப்புக்குரிய தோன்யா டெல்ஃபினாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும். என் நலத்தில் மட்டும் ஒரு சின்னக் குறை, அதற்குக் காரணம் நீங்கள்.

கார்னிவல் அன்று சந்தைத் திடலில் என் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினீர்கள். கார்னிவலில் எல்லோரும் எல்லோர் மேலும்தான் கொட்டுகிறார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் ஒரு கேள்வி கேட்டு வாயை மூடுவதற்குள் கொட்டினீர்கள். தண்ணீர்தான் பதிலா, பதில் இனிமேல்தான் வருமா என்று புரியாமல் ஈரச் சட்டையோடு வீட்டுக்கு ஏறி வந்தேன். அன்றிலிருந்து காய்ச்சல்.

ஆகவே கேள்வியைக் காகிதத்தில் மறுபடி கேட்கிறேன், காகிதத்தில் தண்ணீர் கொட்ட மாட்டீர்கள் என்ற தைரியத்தில். என்னைக் கல்யாணம் செய்துகொண்டு சிசாலோமாவுக்கு வந்துவிடுகிறீர்களா?

எனக்கு நாற்பத்தாறு வயது. அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் கல்யாண வயது போனது, போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். வீட்டுக்குத் தகரக் கூரை, ஒழுகாது. மூன்று மாடுகள், அதில் ஒன்று உதைக்கும். சரிவில் ஒரு உருளைக்கிழங்கு வயல். குடிப்பது திருவிழாவுக்கு மட்டும். இது பொய். திருவிழாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும்.

கீழே இருக்கிற உங்கள் ஊரும் மேலே இருக்கிற எங்கள் ஊரும் தண்ணீருக்காக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதால் இதைப் பால் லாரிக்கார அசென்சியோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன் எதிலும் மூக்கை நுழைக்கிறவன். கோதுமை மாவுப் பசையால் நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

காத்திருக்கும்,
எலிசியோ கிஸ்பி

*

குவிபம்பா,
13 மார்ச் 1994

தொன் எலிசியோவுக்கு,

காய்ச்சல் போனதா? எலுமிச்சை வாசனை இலை ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். கொதிக்கவைத்துக் குடியுங்கள். அசென்சியோ பாதியை எடுத்துக்கொண்டிருந்தால் மீதியைக் குடியுங்கள்.

பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் மழை. மழை வந்தால் நான் வீட்டுக்குள் இருக்க முடியாது. என் கணவர் இறந்த பிறகு எங்கள் ஊர் வாய்க்காலின் காவல் என் கைக்கு வந்தது. பதினோரு வருடமாக நானும் மண்வெட்டியும்தான் ஒரு குடும்பம்.

வீடு, மாடு, கூரை எல்லாம் விளக்கமாகச் சொன்னீர்கள். வயலைப் பற்றி ஒரே வரி. அந்த வயலை எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பெருமழைக்கும் அது என் வாய்க்காலுக்கு வந்துவிடுகிறது. கறுகறுவென்று நல்ல மண், முழங்கால் ஆழத்துக்கு. யாருடையது என்று தெரியாமலேயே இத்தனை வருடம் அள்ளிப் போட்டேன். போன வாரம் அந்தச் சேற்றுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடை வழியே மேலே ஏறினேன். தடம் உங்கள் வேலியில் போய் முடிந்தது. உழவுச் சால் எல்லாம் சரிவுக்கு நேராக, மேலிருந்து கீழே, கோடு கிழித்த மாதிரி. விழுந்த மழைக்கு நின்று மூச்சுவிட இடமில்லை. மண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வருகிறது. மழைக்காலத்தில் வெள்ளம். ஆகஸ்ட் வறட்சியில் வாய்க்காலில் ஒரு தவளைகூட இல்லை.

என் அண்ணன் செனோன் எங்கள் தண்ணீர்ச் சங்கத் தலைவர். உங்கள் கடிதத்தை அவரிடம் மறைக்கவில்லை. “மேலூர்க்காரன் தண்ணியையும் திருடுறான், சேத்தையும் அனுப்புறான், இப்ப பொண்ணையும் கேக்குறானா?” என்று கத்தினார். பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது.

இல்லை என்று நான் சொல்லவில்லை. வாய்க்காலை விட்டுவிட்டு வர முடியாது என்கிறேன். நான் அங்கே வந்துவிட்டால் உங்கள் சேற்றை இங்கே யார் அள்ளுவது?

டெல்ஃபினா நௌலா

*

சிசாலோமா,
10 ஏப்ரல் 1994

தோன்யா டெல்ஃபினா,

கல்யாணம் கேட்டு எழுதிய கடிதத்துக்குச் சேற்றைப் பற்றிப் பதில் வாங்கிய ஆள் இந்த மாகாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க மாட்டைத் திட்டினேன். உதைக்காத மாடும் அன்று உதைத்தது. இலைக்கு நன்றி. காய்ச்சல் போய்விட்டது.

சால் நேராகப் போவது என் கொழுப்பினால் அல்ல. கிழங்கின் காலடியில் தண்ணீர் நின்றால் கருகல் நோய் வரும். ஒரே வாரத்தில் வயல் முழுதும் கறுத்து நாறிப்போகும். நீங்கள் கீழே சோளம் போடுகிறவர்கள், உங்களுக்கு அந்தப் பயம் தெரியாது. அதனால்தான் தண்ணீரை விழுந்ததும் வெளியே தள்ளிவிடுகிறோம். ஊர் முழுக்க அப்படித்தான். ஏர் இருந்த காலத்தில் குறுக்கே உழுதவர்கள்கூட டிராக்டர் வந்ததிலிருந்து நேராகத்தான் உழுகிறார்கள். உங்களுக்காக டிராக்டர்காரனிடம் கேட்டும் பார்த்தேன்.

“குறுக்க ஓட்ட முடியுமாப்பா?”

“ஓட்டலாமே. வண்டி உருண்டு அந்தக் கீழூரு அம்மா வாசல்ல போய் நிக்கும். நானும் கூடவே நிப்பேன். பரவாயில்லியா?”

பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அவன் என்னைவிட வயதில் சின்னவன், சிரித்தால் கன்னத்தில் குழி விழும்.

மழை விழுவது கடவுளின் வேலை. ஆகஸ்டில் வற்றுவதும் அவர் வேலைதான். தண்ணீரை நாங்கள் திருடுவதில்லை, இதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். கூடவே ஒரு மூட்டைக் கிழங்கு அனுப்புகிறேன். என் வயலிலிருந்து சேறு மட்டும் வருவதில்லை என்று அவருக்குத் தெரியட்டும்.

எலிசியோ

*

குவிபம்பா,
8 மே 1994

தொன் எலிசியோ,

கிழங்கு மாவு மாவாக வெந்தது. அண்ணன் மூன்று தட்டுச் சாப்பிட்டார். “கெளங்கு நல்லாருக்கு. அதுக்காக அவன் நல்லவனாயிருவானா?” என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

கோபப்பட்டாலும் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அது எனக்குப் பிடித்தது. ஆகவே நானும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

வாய்க்கால் கரை எங்கே கசியும் என்று பார்க்க நாங்கள் ஒரு வேலை செய்வோம். ஒரு பால் பவுடர் டின்னை எடுத்து மேலும் கீழும் வெட்டிக் குழாய் மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். பலகையை மேலே வைத்துத் தட்டி, நான்கு விரல் ஆழம் மண்ணில் இறக்குங்கள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். முதலில் வேலி ஓரத்தில், உழவு படாத புல்லில். அப்புறம் வயலின் நடுவில். அப்புறம் மாடு நிற்கிற இடத்தில். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

அதுவரை கல்யாணப் பேச்சு வேண்டாம். எழுதினால் படிப்பேன். பதில் போட மாட்டேன்.

டெல்ஃபினா

*

சிசாலோமா,
5 ஜூன் 1994

தோன்யா டெல்ஃபினா,

செய்தேன். பக்கத்து வயல் ருஃபினோ வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தான். “என்ன எலிசியோ, டின்னுக்கு ஞானஸ்நானம் பண்றியா? யாரு ஞானத் தகப்பன்?” நீதான் என்றேன். ஓடிப்போய்விட்டான்.

வேலி ஓரத்தில் குவளையைக் கீழே வைப்பதற்குள் தண்ணீரைக் காணோம். பெருச்சாளி வளையாக இருக்கும் என்று தள்ளி வைத்து மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்தது. வயலில் ஊற்றியது அப்படியே நின்றது. எட்டிப் பார்த்தால் என் முகம் தெரிந்தது, பார்க்கும்படியாக இல்லை. நெடுநேரம் கழித்துத்தான் மெல்ல இறங்கியது. மாடு நிற்கிற மூலையில் ஊற்றியது மறுநாள் காலையில் பால் கறக்கப் போகும்போதும் இருந்தது. உதைக்கிற மாடு அதை உதைத்துக் கொட்டிவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் தோண்டினேன். வேலி ஓரத்து மண் கையில் பொலபொலவென்று உதிர்கிறது. உள்ளே வேர் போன வழி, புழு போன வழி என்று எங்கே பார்த்தாலும் துளை. வயலில் மேலே ஒரு பொருக்கு, அதன் கீழே கொஞ்சம் தூள், ஒரு சாண் ஆழத்தில் தரை போட்ட மாதிரி ஒரு படிவு. டிராக்டர் வருடா வருடம் மிதித்து இறுக்கியது. வேர் அதில் இறங்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருக்கிறது. இரண்டும் ஒரே மலை, ஒரே மழை. மழை விழுவது கடவுளின் வேலை என்று எழுதியிருந்தேன். விழுந்த பிறகு நடப்பதற்கு அவரை இழுக்க முடியாது போலிருக்கிறது.

ஆனால் பயமாக இருக்கிறது. குறுக்கே உழுது தண்ணீரை வயலில் நிறுத்தினால், கருகல் வந்துவிட்டால், ஒரு வருடத்துச் சாப்பாடு போய்விடும். எனக்கு வேறு வயல் இல்லை.

இது கல்யாணப் பேச்சு அல்ல, வயல் பேச்சு. ஆனாலும் உங்களை நினைத்துக்கொண்டுதான் தோண்டினேன். இந்த வரி மட்டும் வேண்டாமென்றால் படிக்காமல் விட்டுவிடுங்கள்.

எலிசியோ

*

குவிபம்பா,
15 ஆகஸ்ட் 1994

எலிசியோ,

அந்த வரியைத்தான் அதிகம் படித்தேன். இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் வெட்கம், வேறொன்றும் இல்லை.

இப்போது வேறு விஷயம். வாய்க்காலில் இரண்டு விரல் தண்ணீர். சோளம் சுருண்டுவிட்டது. நேற்று சங்கத்தில் கூடினோம். மேலூர்க்காரர்கள் வாய்க்கால் தொடங்கும் தலைமடையைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தண்ணீரைத் தின்கிறார்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே மேலே வந்து உங்கள் தலைமடையை உடைக்கப் போகிறது. நான் காவல்காரி. முதல் கடப்பாரை என் கையில் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “கல்யாணப் பொண்ணு பேசுது” என்றார்கள்.

இதை உங்களுக்கு எழுதுவதே என் ஊருக்கு நான் செய்கிற துரோகம். உங்கள் ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அன்று நீங்கள் தலைமடையில் நிற்கக் கூடாது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் கடப்பாரை ஓங்க முடியாது. ஓங்காமலும் இருக்க முடியாது.

டெல்ஃபினா

*

சிசாலோமா,
4 செப்டம்பர் 1994

டெல்ஃபினா,

நின்றேன். திட்டிக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லவில்லை. அவித்த சோளம் ஒரு பானையோடு தனியாகத்தான் நின்றேன். உடைக்க வருகிறவர்களுக்குப் பசிக்குமே என்று.

நீங்கள் கடப்பாரையோடு முன்னால் வந்ததும், என்னைப் பார்க்காமல் மடையைப் பார்த்ததும், அப்படியே நின்றதும் எனக்குச் செத்தாலும் மறக்காது. “அண்ணே, இங்க வந்து பாரு. இங்கயும் ரெண்டு விரல்தான் இருக்கு” என்றீர்கள். உங்கள் அண்ணன் குனிந்து பார்த்தார், கையை விட்டும் பார்த்தார். திருடுவதற்கே தண்ணீர் இல்லாத இடத்தில் யாரைத் திருடன் என்பது? அப்புறம்தான் எல்லோரும் தலையைத் தூக்கி, வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் ஊற்றுக்கு மேலே இருக்கிற புல்வெளியைப் பார்த்தோம். எங்கள் ஊர் மாடு அத்தனையும் அங்கே. இடுப்பளவு நின்ற புல் கணுக்காலுக்கு வந்துவிட்டது, தரை சந்தைத் திடல் மாதிரி மிதிபட்டுக் கிடந்தது. டின் வைத்துப் பார்த்த மாட்டு மூலை மாதிரியே, மழையைக் குடித்து ஊற்றுக்குக் கொடுக்க முடியாத தரை. என் மூன்று மாடும் முன்வரிசையில் நின்று உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

உங்கள் அண்ணன் கோபத்தோடுதான் சோளம் சாப்பிட்டார். பானையைக் காலி செய்துவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாளே மாடுகளைக் கொட்டிலுக்கு இறக்கிவிட்டேன். புல்லை அறுத்துப் போடுகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. ஊரில் இன்னும் நான்கு பேர் இறக்கியிருக்கிறார்கள், மற்றவர்கள் யோசிக்கிறார்கள். ருஃபினோவிடம் ஒரு ஜோடி ஏர் மாடு இரவல் வாங்கி வயலைக் குறுக்கே உழுதேன். பத்துச் சாலுக்கு ஒரு பட்டை புல்லைத் தொடாமல் விட்டிருக்கிறேன். டிராக்டர்காரன் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தான். “எல்லாம் அந்தக் கீழூரு அம்மாவுக்காகவா?” என்றான். ஆமாம் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

விதைக் கிழங்கு போட்டாயிற்று. இனிமேல் பயப்படுவது மட்டும்தான் வேலை.

எலிசியோ

*

குவிபம்பா,
3 நவம்பர் 1994

எலிசியோ,

இறந்தவர்கள் நாளுக்குச் சுட்ட ரொட்டிப் பொம்மை இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று உன் அம்மா கல்லறைக்கு, ஒன்று உனக்கு. மீசை வைத்ததை அசென்சியோ தின்றுவிட்டால் சொல், வேறு சுடுகிறேன். என் கணவர் கல்லறையில் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் ஆட்சேபம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

நீங்கள் என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. தலைமடையில் பானையோடு நின்ற ஆளை அப்படிக் கூப்பிட முடியவில்லை.

மழை தொடங்குகிறது. ராத்திரி இடி கேட்டால் முதலில் உன் வயலைத்தான் நினைக்கிறேன், அப்புறம்தான் வாய்க்காலை. இது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

டெல்ஃபினா

*

சிசாலோமா,
22 ஜனவரி 1995

டெல்ஃபினா,

சுருக்கமாகச் சொல்கிறேன். போன வாரத்துப் பெருமழையில் தண்ணீர் சாலில் நின்றது. வயலின் மேல் பகுதியில் கருகல் வந்துவிட்டது. மூன்று நாள் பிடுங்கிப் பிடுங்கி வெளியே போட்டேன். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மீதி தப்பும் என்று நினைக்கிறேன். ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ருஃபினோகூடக் கேலி செய்யவில்லை, ஒரு கூடைக் கிழங்கை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

உன்மேல் பழி போட மாட்டேன். டின்னில் பார்த்தது என் கண், உழுதது என் கை. ஆனால் இந்த வருடம் எனக்கே போதாது. இப்படி ஒரு வீட்டுக்கு உன்னை வா என்று கூப்பிட வெட்கமாக இருக்கிறது. பிப்ரவரியில் கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ பதில் சொல்ல வேண்டாம்.

காலையில் எழுந்ததும் அந்த நாறின சாலில் போய் நிற்கிறேன். என்ன செய்யவென்று தெரியாமல்தான் நிற்கிறேன்.

எலிசியோ

*

குவிபம்பா,
29 ஜனவரி 1995

எலிசியோ,

முட்டாளே, சாலுக்குக் கொஞ்சம் சாய்வு விட்டிருக்க வேண்டும். மட்டம் பிடித்த மாதிரி உழுதால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். ஒரு விரல் சாய்வு போதும், ஓரத்துப் புல்லுக்கு நடந்து போயிருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததற்கு உன்மேல் கோபம், சொல்லாததற்கு என்மேல் கோபம். உன் கடிதத்தைப் படித்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

உனக்குத் தெரியாத பாதியை இப்போது சொல்கிறேன். அதே பெருமழைக்கு மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனேன். ருஃபினோ வயல் பக்கத்து ஓடை வழக்கம்போலக் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உன் சரிவின் ஓடை வாய்க்காலில் சேரும் இடத்துக்கு வந்தேன். தண்ணீர் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது, ஒரு இரவு தாமதமாக, அவசரமே இல்லாமல். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. அந்த இடத்தில் கூழாங்கல் இருக்கிறது என்றே எனக்கு இதுவரை தெரியாது. அள்ள ஒன்றும் இல்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தேன். பெருமழைக்கு மறுநாள் நான் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் நீ மேலே சாலில் நின்ற தண்ணீரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாய். நான் கீழே சிரித்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

வரும் ஆகஸ்டில் தண்ணீர் கூடுமா என்று எனக்குத் தெரியாது. மிதிபட்ட புல்வெளி திரும்ப எழ எத்தனை வருடம் ஆகும் என்றும் தெரியாது.

நேற்று சங்கத்தில் என் மண்வெட்டியை அண்ணன் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். “வாய்க்காலக் காக்கணும்னா மேல போய்த்தான் காக்கணும். சேறு அங்கதான் பொறக்குது. பதினோரு வருசமா நான் தப்பான எடத்துல நின்னுட்டிருந்தேன்” என்றேன். அண்ணன் எழுந்தார். “கெளங்கு திங்கப் போறா, அதுக்கு வாய்க்கால் பேரு வேற” என்றார். சங்கமே சிரித்தது. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான், அதனால் நானும் சிரித்தேன்.

கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை கிடையாது. கொடுத்தது கொடுத்ததுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறைப்படி பெண் கேட்டு வா. வறுத்த கினிப்பன்றி இரண்டும் ரொட்டியும் போதும், அண்ணனுக்கு ஒரு பாட்டில் சாராயம். அவர் கத்துவார், கத்தட்டும், முடிந்ததும் சாப்பிட உட்காருவார். இந்த வருடம் உனக்குப் போதாதது எனக்கும் போதாமல் இருக்கட்டும். என் வீட்டில் சோளம் இருக்கிறது, மூட்டைகளை அசென்சியோவின் லாரியில் முன்னாடியே ஏற்றிவிடுகிறேன்.

அந்தச் சாலில் இனிமேல் நீ தனியாகப் போய் நிற்காதே. நான் வருகிறேன்.

உன்
டெல்ஃபினா